செஸ் ஆட்டக்காரர் ஆண்டோர் லிலியென்தால் என்றால், ராணியைக் கொடுத்து முன்னாள் உலக சாம்பியன் கபாபிளாங்காவை வென்ற அந்த ஓர் ஆட்டம் மட்டும்தானா? இரு உலகப் போர்களுக்கு நடுவில் அவருடைய போட்டி வாழ்க்கை உண்மையில் எப்படி இருந்தது?

அந்த ஆட்டத்தை மட்டும் வைத்து அவரை எடை போட்டால் கணக்கு தப்பும். வேடிக்கை என்னவென்றால், கபாபிளாங்காவை வென்ற, இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் போட்டி அவருக்கு அப்படியொன்றும் சிறந்த போட்டி இல்லை. அதற்கு முந்தைய வருடம் அதே ஹேஸ்டிங்ஸில் அவர் இன்னும் நன்றாக ஆடியிருக்கிறார். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

சுருக்கமான பின்னணி: 1911 மே 5 அன்று மாஸ்கோவில், ஹங்கேரிய யூதப் பெற்றோருக்குப் பிறந்தவர். குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் ஹங்கேரிக்குப் போய்விட்டது. தையல் வேலை கற்றவர். செஸ் கற்றுக்கொண்டது பதின்ம வயதின் நடுவில். இன்றைய கணக்குக்கு அது ரொம்பத் தாமதம். வேலையில்லாத காலத்தில் வியன்னா, பெர்லின், பாரிஸ் என்று சுற்றி, அங்கிருந்த செஸ் காபிக்கடைகளில் காசுக்கு ஆடிப் பழகினார். முறையான பயிற்சியாளர் கையில் வளர்ந்தவர் இல்லை என்பதை அவருடைய ஆட்டங்களிலேயே பார்க்கலாம். திறப்பில், அதாவது ஆட்டத்தின் தொடக்கத்தில், சுமாராக ஆடிவிட்டு, நடு ஆட்டத்தில் கணக்குப் போட்டு மீண்டு வருவார்.

அவர் தலையெடுத்த சமயத்தில் ஹங்கேரி செஸ்ஸில் பெரிய கை. 1927இல் லண்டனில் நடந்த முதல் அதிகாரபூர்வ ஒலிம்பியாடில் (நாடுகளின் அணிகள் மோதும் செஸ் போட்டி) ஹங்கேரிய ஆட்டக்காரர் மரோட்சி தலைமையில் தங்கம். அடுத்த வருடம் ஹேக் நகரில், மரோட்சி இல்லாமலேயே, மறுபடியும் தங்கம். அணியில் இடம் கிடைப்பதே கஷ்டம். லிலியென்தால் 1933இல் இங்கிலாந்தின் ஃபோக்ஸ்டோன் ஒலிம்பியாடில்தான் முதல்முறை உள்ளே வந்தார், அதுவும் ரிசர்வ் ஆட்டக்காரராக.

இனி எண்களுக்கு வருவோம். ஹேஸ்டிங்ஸ் போட்டியின் அமைப்பு எளிது: பத்துப் பேர், ஆளுக்கு ஆள் ஒரே ஒரு ஆட்டம், மொத்தம் 9 சுற்று, வெற்றிக்கு 1 புள்ளி, சமனுக்கு அரை, கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் ஒட்டி நடக்கும். 1933/34இல் ஃப்ளோர் 7 புள்ளியோடு முதலிடம். 6.5 புள்ளியோடு இரண்டாம் இடத்தைப் பகிர்ந்தவர்கள் இருவர்: அப்போதைய உலக சாம்பியன் அலெகின், 22 வயது லிலியென்தால். 9க்கு 6.5 என்றால் 72 சதவீதம். அடுத்த வருடம், அதாவது கபாபிளாங்கா ஆட்டம் நடந்த 1934/35இல், சர் ஜார்ஜ் தாமஸ், யூவே, ஃப்ளோர் மூவரும் 6.5 எடுத்து முதலிடம், கபாபிளாங்கா 5.5, அவருக்குக் கீழே போட்வினிக்கும் லிலியென்தாலும் தலா 5. அதாவது 56 சதவீதம்தான். கபாபிளாங்கா அந்தப் போட்டியில் தாமஸிடமும் தோற்றார். ஆனால் அந்தத் தோல்வியை இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? லிலியென்தாலின் ஆட்டத்தில் ராணி பலி இருந்தது, அதுதான் வித்தியாசம்.

அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் ‘ராணி பலி’ என்ற பட்டம் பாதி உண்மைதான். பலகையில் இப்படி அடுக்குங்கள். வெள்ளை: ராஜா ஜி1, ராணி சி2, யானைகள் ஏ1, எஃப்1, பிஷப் ஹெச்4, குதிரை ஈ2, சிப்பாய்கள் ஏ3, சி3, ஈ5, எஃப்5, ஜி2, ஹெச்2. கறுப்பு: ராஜா ஈ8, ராணி ஈ4, யானைகள் சி8, ஹெச்8, குதிரைகள் டி7, எஃப்6, சிப்பாய்கள் ஏ5, பி6, சி7, எஃப்7, ஜி7, ஹெச்6. இது 20ஆவது நகர்த்தல், வெள்ளையின் முறை.

இந்த நிலைக்கு எப்படி வந்தது? நிம்சோ இந்தியன் என்ற திறப்பில், ஏ3 ஆடி பிஷப்பை விரட்டும் சேமிஷ் முறை. கபாபிளாங்கா 14ஆவது நகர்த்தலிலேயே எந்தப் பக்கம் வேண்டுமானாலும் கோட்டை கட்டியிருக்கலாம், இரண்டு பக்கமும் வழி திறந்தே இருந்தது. கட்டவில்லை. யானையை டி8க்கு விட்டார், ஏ5 தள்ளினார், ராணியை சி4க்குக் கொண்டுபோனார், பிறகு அதே யானையை சி8க்கு மாற்றினார். இதற்குள் வெள்ளை எஃப்4, எஃப்5 என்று சிப்பாயை ஓட்டிவிட்டது. 18ஆவதாகக் கறுப்பு ஈ5 தள்ளியதுதான் வினை: ராஜா நடுவிலேயே நிற்கும்போது ஈ வரிசையைத் தானே திறந்துவிட்டார். வெள்ளை டி சிப்பாயால் ஈ5இல் வெட்ட, கறுப்பு ராணி ஈ4 சிப்பாயை எடுத்தது.

கபாபிளாங்காவின் கணக்கு என்னவாக இருந்திருக்கும் என்பதைப் பலகையே சொல்கிறது. ராணிகள் எதிரெதிரே நிற்கின்றன. வெள்ளை ராணியால் ஈ4இல் வெட்டினால், எஃப்6இல் அடிபட நிற்கும் குதிரை ஈ4க்கு வந்து வெட்டித் தப்பித்துவிடும். ராணி இல்லாத அந்த முடிவாட்டத்தில் கறுப்புக்கு ஒரு குறையும் இல்லை. இறுதி ஆட்டத்தில் அவரைவிடப் பெரிய ஆள் அன்று இல்லை என்பதால் இதை விரும்பி வந்திருப்பார்.

லிலியென்தால் ராணியைத் தொடவில்லை. ஈ5 சிப்பாயால் எஃப்6 குதிரையை வெட்டினார். கறுப்பு ராணி சி2இல் வெள்ளை ராணியை எடுத்தது. அதே சிப்பாய் ஜி7இல் இன்னொன்றை வெட்டியது. இப்போது ஹெச்8 யானை அடிபடுகிறது. விட்டால் சிப்பாய் அதை வெட்டி ராணியாகிவிடும். அதனால் யானை ஜி8. அடுத்து வெள்ளைக் குதிரை ஈ2இலிருந்து டி4க்குத் தாவுகிறது: சி2 ராணியை மிரட்டுகிறது, கூடவே ஈ வரிசையையும் காலி செய்கிறது.

இங்கே நிறுத்தி, கறுப்பு ராஜாவுக்கு எத்தனை கட்டம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். டி8, ஈ7 இரண்டையும் ஹெச்4 பிஷப் பிடித்திருக்கிறது, ஏனென்றால் எஃப்6 காலியானதும் அதன் மூலைவிட்டம் முழுசாகத் திறந்துவிட்டது. எஃப்8ஐ ஜி7 சிப்பாய் காக்கிறது. டி7இல் சொந்தக் குதிரை, எஃப்7இல் சொந்தச் சிப்பாய். ஒரு கட்டம்கூட இல்லை. யானை ஈ1க்கு வந்து செக் சொன்னால், நடுவில் எதையாவது குறுக்கே வைத்தால்தான் உயிர். அதனால்தான் ராணியே ஈ4க்குத் திரும்பிக் குறுக்கே நிற்க வேண்டி வந்தது. பேராசையில் ராணி சி3 சிப்பாயை எடுத்தாலும் தப்ப முடியாது: யானை ஈ1இல் செக், குதிரை ஈ5இல் குறுக்கே, யானை அதை வெட்டி மறுபடி செக், ராஜா டி7, யானை டி5இல் செக், ராஜா ஈ8க்கே திரும்பியாக வேண்டும், அடுத்த யானை ஈ1இல் செக். ராணியை இழக்காமல் வெளியே வர முடியாது.

ஆட்டத்தில் நடந்தது: ஏ1 யானை ஈ1க்கு வந்து ராணியைக் கட்டிப்போட்டது. குதிரை சி5க்கு வந்து ராணிக்குக் காவல். யானை ராணியை வெட்டியது, குதிரை யானையை வெட்டியது, இரண்டாவது யானை ஈ1. கறுப்பு யானை ஜி7 சிப்பாயை எடுத்தது, வெள்ளை யானை ஈ4 குதிரையை எடுத்துச் செக் சொன்னது. 26 நகர்த்தலில் கபாபிளாங்கா ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். கடைசியில் இருப்பு: வெள்ளையிடம் யானை, பிஷப், குதிரை, கறுப்பிடம் இரண்டு யானை, சிப்பாய் ஆளுக்கு ஐந்து. கூட்டிக் கழித்தால் ராணிக்கு ராணி, ஒரு யானைக்கு இரண்டு குதிரை. ஆறு நகர்த்தலுக்குள் கொடுத்தது வட்டியோடு திரும்பிவிட்டது. எனவே இது குருட்டுத் துணிச்சல் இல்லை. பெட்டிக்குள் மாட்டிய ராஜாவைப் பார்த்துப் போட்ட சுத்தமான கணக்கு. என்னைக் கேட்டால் டி4க்குக் குதிரை போனதுதான் ஆட்டத்தின் சிறந்த நகர்த்தல், பாராட்டு முழுவதும் 20ஆவதுக்குப் போய்விடுகிறது.

சரி, மற்ற போட்டிகள். 1934இல் புடாபெஸ்டை ஒட்டிய ஊய்பெஷ்டில் நடந்த சர்வதேசப் போட்டியில் பிர்ட்ஸ், ஃப்ளோர் இருவரையும் பின்தள்ளி முதலிடம் பிடித்தார். அப்போது ஃப்ளோர் உலக சாம்பியன் பட்டத்துக்குச் சவால் விடக்கூடியவர் என்று பேசப்பட்டவர். ஹங்கேரிய ஆட்டக்காரராக லிலியென்தாலின் உச்சம் என்று நான் சொல்வது இதைத்தான்.

1935 ஆகஸ்டில் வார்சா ஒலிம்பியாட். 20 அணிகள், 19 சுற்று. இரண்டாம் பலகையில், அதாவது அணியின் இரண்டாவது ஆட்டக்காரராக, ஒரு சுற்றுகூட ஓய்வெடுக்காமல் 19 ஆட்டமும் ஆடி, 11 வெற்றி, 8 சமன், தோல்வி இல்லை. 15 புள்ளி, 79 சதவீதம். ஆனாலும் ஹங்கேரிக்கு அங்கே நான்காம் இடம்தான்.

இதே ஆளை மாஸ்கோவில் பாருங்கள். 1935 பிப்ரவரி, மார்ச்சில் நடந்த பெரிய போட்டியில் 19 ஆட்டத்தில் 10 புள்ளி, 8 முதல் 10 வரையான இடங்களைப் பகிர்ந்தார். 1936 மாஸ்கோவில் பத்துப் பேர் இரட்டைச் சுற்று, 18க்கு 9, நான்காம் இடம். கபாபிளாங்கா 13, போட்வினிக் 12, ஃப்ளோர் 9.5. ஒரு பக்கம் 72, 79 என்று சதவீதம் பறக்கிறது, இன்னொரு பக்கம் 53, 50 என்று சரிகிறது. இரண்டுக்கும் இடையே ஆட்டத் தரம் மாறவில்லை, எதிரே உட்காரும் ஆள் மாறுகிறார். ஹேஸ்டிங்ஸில் பாதிப் பேர் உள்ளூர் இங்கிலாந்து ஆட்டக்காரர்கள். ஒலிம்பியாட் இரண்டாம் பலகையில் பலவீனமான அணிகளும் வரும். அவர்களிடம் லிலியென்தால் புள்ளியைக் கோட்டைவிட மாட்டார். மேல்மட்ட ஆட்கள் மட்டுமே நிறைந்த இரட்டைச் சுற்றில் அவர் தோற்பது குறைவு, ஆனால் சமன்கள் குவியும். 1936இல் நான்காம் இடத்துக்கும் முதலிடத்துக்கும் இடைவெளி 4 புள்ளி! உலகப் பட்டத்துக்குப் போட்டியிடும் அளவுக்கு அவர் ஏன் வரவில்லை என்ற கேள்விக்கு என்னுடைய பதில் இந்த 4 புள்ளிதான்.

1935இல் மாஸ்கோவில் குடியேறினார். ஆனாலும் 1937 ஸ்டாக்ஹோம் ஒலிம்பியாடில் ஹங்கேரியின் முதல் பலகையில் உட்கார்ந்தது அவர்தான். லாஸ்லோ ஸபோ, எண்ட்ரே ஷ்டெய்னர், ஹவஷி, வய்டா ஆகியோரோடு. அமெரிக்கா 54.5, ஹங்கேரி 48.5, வெள்ளி. அதுதான் ஹங்கேரிக்காக அவருடைய கடைசி ஒலிம்பியாட். சோவியத் குடியுரிமை 1939இல் வந்தது. 1940 சோவியத் சாம்பியன்ஷிப்பில் போண்டரெவ்ஸ்கியோடு 19க்கு 13.5 எடுத்து முதலிடத்தைப் பகிர்ந்தார். ஸ்மிஸ்லோவ் 13, கெரஸ் 12, போட்வினிக் 11.5. வலுவான ஆட்கள் நிறைந்த நீண்ட போட்டியில் அவர் முதலிடம் வந்தது இந்த ஒருமுறைதான். நான் மேலே சொன்னதற்கு இது நேர் எதிரான சான்று என்று யாராவது வாதாடினால் மறுக்கமாட்டேன். ஆனால் மறுவருடமே ஆறு பேர் நான்கு சுற்று ஆடிய ‘முழுமையான சாம்பியன்’ போட்டியில் போட்வினிக் 13.5, லிலியென்தால் 8.5, ஐந்தாம் இடம்.

போருக்குப் பிந்தையது உங்கள் கேள்வியில் இல்லை, ஆனாலும் ஒன்று. 1950இல் கேண்டிடேட்ஸ் போட்டி (உலக சாம்பியனுக்குச் சவால் விடுபவரைத் தேர்ந்தெடுப்பது) புடாபெஸ்டிலேயே நடந்தது. தான் வளர்ந்த ஊரில் சோவியத் கொடிக்குக் கீழே ஆடி, 18க்கு 7 எடுத்துக் கடைசி இடத்தை ஸபோ, ஃப்ளோர் இருவரோடும் பகிர்ந்தார். அதே வருடம் சர்வதேச செஸ் கூட்டமைப்பான ஃபீடே முதல்முறை 27 பேருக்குக் கிராண்ட்மாஸ்டர் பட்டம் கொடுத்தபோது அவரும் ஒருவர். 1976இல் ஹங்கேரிக்குத் திரும்பி, 2010இல் 99ஆவது வயதில் இறந்தபோது அந்த 27 பேரில் உயிரோடு இருந்த கடைசி ஆள் அவர்தான்.

அவருடைய ஆட்டங்களைத் தேடப்போகிறீர்கள் என்றால் சில இடறல்கள் உண்டு. சில தரவுத்தளங்களில் அவர் பெயருக்குப் பக்கத்தில் சோவியத் கொடி இருக்கலாம். ‘ஹங்கேரி’ என்று வடிகட்டினால் நல்ல வருடங்கள் முழுவதும் காணாமல் போகலாம். பெயரை மட்டும் வைத்து 1930 முதல் 1937 வரை தேடுங்கள். ஊய்பெஷ்ட் 1950இல்தான் புடாபெஸ்டோடு சேர்க்கப்பட்டது, அதனால் 1934 போட்டியை ‘புடாபெஸ்ட்’ என்று தேடினால் சிக்காமல் போக வாய்ப்புண்டு. ஹேஸ்டிங்ஸ் வருடக் கடைசியில் தொடங்கிப் புதுவருடத்தில் முடிவதால் ஒரே போட்டி சில இடங்களில் 1934 என்றும் சில இடங்களில் 1935 என்றும் பதிவாகியிருக்கும். அந்தக் காலத்து ஆட்களுக்கு 2600, 2700 என்று யாராவது ரேட்டிங் போட்டிருந்தால் அது பின்னால் கணக்கிட்டது. ஆட்டக்காரர்களுக்கு ரேட்டிங் போடும் ஈலோ முறையை ஃபீடே ஏற்றதே 1970இல். எனவே ரேட்டிங்கை விட்டுவிட்டு, யார் யாரோடு என்ன முடிவு என்று காட்டும் போட்டியின் குறுக்கு அட்டவணையை எடுத்து, முதல் ஐந்து இடத்தில் வந்தவர்களோடு அவர் எடுத்த புள்ளி எவ்வளவு, மீதி ஆட்களோடு எவ்வளவு என்று தனித்தனியாகக் கூட்டிப் பாருங்கள்.