ஆவாரை விதை ஏன் முளைக்கவில்லை?

கேள்வி: தண்ணீர் அதிகம் கேட்காத நம் மண்ணின் பூச்செடிகளை வளர்க்க ஆசை. ஆவாரை, கொழுஞ்சி, தும்பை விதைகளைச் சேகரித்து, தொழுவுரம் கலந்த மண்ணில் ஊன்றித் தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன். ஒரு மாதமாகியும் ஒன்றிரண்டுதான் முளைத்திருக்கின்றன. விதை சொத்தையா?

பதில்: சொத்தை இல்லை அம்மா, தயவுசெய்து அந்த மண்ணைக் கொத்திப் போட்டுவிடாதீர்கள். ஆவாரையும் கொழுஞ்சியும் அவரைக் குடும்பத்தவை. அவற்றின் விதைத்தோல் தண்ணீரை உள்ளே விடாது. ஒரு கோடை மழையை நம்பி எல்லா விதைகளும் ஒன்றாக முளைத்து, அடுத்த வாரமே வெயிலில் கருகினால் வம்சமே அற்றுப்போகும் அல்லவா? அதனால்தான் சில இப்போதும், சில அடுத்த ஆண்டிலும், சில அதற்கும் பிறகும் முளைக்கின்றன. வறண்ட நிலத்துச் செடிகளிடம் நான் மிகவும் மதிப்பது இந்த நிதானத்தைத்தான்.

நமக்கு அவசரம் என்றால் தோலைத் திறந்துவிட வேண்டும். தண்ணீரைக் கொதிக்கவைத்து, அடுப்பிலிருந்து இறக்கிச் சற்று ஆறியபின் விதைகளைப் போட்டு, இரவு முழுவதும் அப்படியே விடுங்கள். காலையில் உப்பியிருப்பவற்றை உடனே ஊன்றுங்கள். உப்பாமல் கல்லாகவே இருப்பவற்றை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து மறுபடி ஊறவையுங்கள். தொப்புள் போன்ற தழும்பு உள்ள பக்கத்தைத் தேய்க்கவே கூடாது. முளைவேர் அங்கேதான் இருக்கிறது.

தும்பைக்கு இந்த வேலை எதுவும் வேண்டாம். பொடி விதை, உள்ளே இருக்கும் உணவு கொஞ்சம். ஆழத்தில் புதைத்தால் மேலே வருவதற்குள் தீர்ந்துவிடும். மணலோடு கலந்து மேலாகத் தூவி, உள்ளங்கையால் அழுத்திவிட்டால் போதும்.

உரத்தை நிறுத்திவிடுங்கள். இதில் நான் கறாராகவே இருப்பேன். கொழுத்த மண்ணில் இச்செடிகள் இலையாகத் தழைத்துச் சாயும், பூ குறையும். கொழுஞ்சி வேர்முடிச்சுகளில் தனக்கு வேண்டிய தழைச்சத்தைத் தானே தேடிக்கொள்ளும். நாற்று வேர்பிடிக்கும் வரை மண் காயாமல் பாருங்கள்; பிறகு தண்ணீர் விடும் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போங்கள். அப்போதுதான் ஆணிவேர் கீழே இறங்கும். அந்த வேர் நாற்றைப் பிடுங்கி நடும்போது முறிந்துவிடும் என்பதால், ஆவாரையை நிலைத்து நிற்க வேண்டிய இடத்திலேயே விதைப்பது நல்லது. மழைக்காலத் தொடக்கம் இதற்கு ஏற்ற நேரம்.

கேள்வி: நித்தியகல்யாணியும் வறட்சியைத் தாங்குகிறதே, சேர்த்துக்கொள்ளலாமா?

பதில்: நன்றாகவே தாங்கும். ஆனால் அதன் பூர்வீகம் மடகாஸ்கர். நம் மண்ணின் பூ வேண்டும் என்று கேட்டதால் சொல்கிறேன்: அந்த இடத்தில் இன்னும் இரண்டு ஆவாரையை விதையுங்கள். ஆவாரம்பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டுமே. கருவண்டுபோல் தோன்றும் பெரிய தச்சுத் தேனீக்கள் பூவைப் பற்றிக்கொண்டு, உடலை அதிரவைத்து மகரந்தத்தை உதிர்த்தெடுக்கும். அந்த ரீங்காரம் நின்று கேட்க வேண்டிய ஒன்று.