கனடாவைப் பற்றிப் படிக்க நாலு வருசமா?

தங்கச்சி, நீங்கள் கேட்டதை முதலில் ஒருக்கால் திருப்பிச் சொல்கிறேன், வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். யாழ்ப்பாணத்திலிருந்து ஸ்காபரோவுக்கு வந்து பதினாலு மாதம். மூத்தவள் பன்னிரண்டாம் வகுப்பு. நேர்சிங் செய்வாள் என்று நீங்கள் நம்பியிருக்க, அவள் 'கனேடியக் கற்கைகள்' என்றொரு பட்டத்துக்குத்தான் விண்ணப்பிப்பேன் என்று நிற்கிறாள். "இந்த நாட்டைப் பற்றி இந்த நாட்டிலேயே காசு கட்டி நாலு வருசம் படிக்க என்ன இருக்கு அக்கா? வேலை கிடைக்குமா? பிள்ளை எங்களை விட்டு விலகிப் போய்விடுவாளா?"

என்னிடம் கேட்டதும் சரிதான், நான் அதைப் படித்தவள். 1991ல் வந்து பன்னிரண்டு வருசம் தொழிற்சாலையில் பெட்டி அடைத்தேன். பிறகு 38 வயதில் பகுதிநேரமாகத் தொடங்கி, தவணைக்கு ஒரு பாடம், முடிந்தால் இரண்டு, கோடையிலும் விடாமல், ஒன்பது வருசத்தில் முடித்தேன். நீங்கள் கேட்டதையே அப்போது என் கணவரும் கேட்டார். "20 கேள்விக்கு விடை எழுதிக் கனடியனாகியாச்சு. அதுக்கு மேலே என்ன?" குடியுரிமைச் சோதனையில் இப்போது 20க்கு 15 சரியாக வந்தால் போதும். அந்தச் சோதனை விடையைக் கேட்கிறது. பல்கலைக்கழகத்தில் அந்த விடைகளை யார் எழுதினார்கள், யாரை விட்டுவிட்டு எழுதினார்கள் என்று நாலு வருசம் சண்டை பிடிக்க வேண்டும்.

இந்தப் படிப்பு வந்த கதையே சுவாரசியமானது. 1960களில் இங்கத்தைய பல்கலைக்கழகங்கள் மளமளவென்று பெருத்தபோது ஆசிரியர்களில் பலர் அமெரிக்காவிலிருந்து வந்தார்கள், பாடப்புத்தகங்களும் அங்கிருந்தே வந்தன. பிள்ளைகளுக்குத் தங்கள் நாட்டைவிடப் பக்கத்து நாடு நன்றாகத் தெரிந்திருந்தது. அதை ஆராயப் பல்கலைக்கழகங்களின் சங்கம் 1972ல் ஓர் ஆணைக்குழு அமைத்தது. தலைவர் தோமஸ் சைமன்ஸ், ட்ரென்ட் பல்கலைக்கழகத்தின் முதல் தலைவராக இருந்தவர். 1975ல் வந்த அறிக்கையின் தலைப்பின் பொருள் 'நம்மை நாம் அறிய'. (ஒட்டாவாவில் கார்ல்டன் பல்கலைக்கழகம் இதற்கென்று ஒரு நிறுவனத்தை 1957லேயே தொடங்கிவிட்டது. இன்று அங்கே பூர்வகுடிக் கற்கைகளோடு சேர்த்தே கற்பிக்கிறார்கள்.) அதே 1972ல் கனடாவின் பொது ஒலிபரப்பான சிபிசி வானொலியில் பீற்றர் கிசோவ்ஸ்கி என்ற அறிவிப்பாளர் ஒரு போட்டி வைத்தார். "எவ்வளவு கனடியன் என்றால்..." என்ற வசனத்தை முடிக்க வேண்டும். வென்ற விடை: "சூழ்நிலைக்கு ஏற்ப, இயன்றளவு." முதல் தரம் கேட்டபோது வகுப்பில் எல்லாரும் சிரித்தார்கள், எனக்கு மட்டும் பகிடி விளங்கவில்லை. இப்போது அதைவிட நல்ல விடை எனக்கும் தெரியாது.

இது பல துறைகள் சேர்ந்த படிப்பு. அப்படியென்றால் என்ன என்று மகளிடம் கேட்டீர்களாம், அவளுக்குச் சொல்லத் தெரியவில்லையாம். ஐந்து சதக் காசை எடுத்துத் திருப்பிப் பாருங்கள், பீவர் என்கிற விலங்கு இருக்கும். ஐரோப்பியத் துரைமார் அதன் மயிரில் செய்த தொப்பி போட்டார்கள். அது பொருளாதாரம். அந்தத் தோலைத் தேடி ஆறுகள் வழியே மேற்கே போனார்கள். அது புவியியல். ஆற்றையும் தோணியையும் அறிந்தவர்கள் பூர்வகுடிகள், அவர்கள் இல்லாமல் வியாபாரமே இல்லை. வந்த ஆண்களும் இங்கத்தையப் பெண்களும் சேர்ந்த குடும்பங்களிலிருந்து மேற்டி என்று ஒரு புது இனம் உருவானது. அது மானிடவியல். 1670ல் இங்கிலாந்து அரசர் ஒரு கொம்பனிக்குப் பட்டயம் எழுதிக் கொடுத்தார். அது சட்டம். அந்தக் கொம்பனிதான் உங்களுக்கும் தெரிந்த ஹட்சன்ஸ் பே. 2025ல் கடைகளை மூடியபோது கழிவு விலையில் கம்பளி வாங்கச் சனம் வரிசையில் நின்றது. ஒரு காசைப் பிடித்து இத்தனை கதவையும் திறக்கலாம்.

சரி, என் முதல் வகுப்புக்கு வருகிறேன். கனடா என்றால் உங்களுக்கு எது, அதை ஒரு பொருளாகக் கொண்டுவாருங்கள் என்றார் பேராசிரியர். ஐஸ் ஹொக்கி வட்டு, மேப்பிள் பாணிப் போத்தல், பாட்டியின் கம்பளித் தொப்பி என்று மேசை நிறைந்தது. நான் என்னுடைய லாண்டட் பேப்பரை, நிரந்தரமாக இங்கே இருக்கலாம் என்று கொடுத்த பத்திரத்தை, கொண்டு போனேன், உயிரைப் போலப் பத்திரப்படுத்திய தாள். எனக்குப் பக்கத்தில் வட ஒன்ராறியோவிலிருந்து வந்த பிள்ளை ஓர் அட்டையை வைத்தாள். 1876ல் வந்த இந்தியர் சட்டத்தின்கீழ், நீ பூர்வகுடிதான் என்று அரசாங்கம் கொடுக்கிற அட்டை. "என் ஆட்கள் இங்கே எப்போதும் இருந்தவர்கள், ஆனாலும் அதைச் சொல்ல எனக்கு ஒரு கார்ட் வேண்டும்" என்றாள்.

அன்றைக்குப் பேராசிரியர் சொன்ன ஒரு விசயம் இன்றும் மறக்கவில்லை. 1950இலிருந்து 1960களின் நடுப்பகுதி வரை பூர்வகுடிகளின் அலுவல்களைப் பார்த்தது குடியுரிமை, குடிவரவுத் திணைக்களம்! புதிதாக வந்தவனுக்கும் ஆதியிலிருந்தே இருந்தவனுக்கும் ஒரே கந்தோர். தங்கள் சட்டத் தகுதியை இழக்காமல் மத்திய தேர்தலில் வாக்களிக்கப் பூர்வகுடிகள் 1960 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நான் கனடாவை ஒரு நல்ல வீட்டுக்காரராகவும் என்னை விருந்தாளியாகவும் நினைத்துக்கொண்டு வந்தவள். வீட்டின் சொந்தக்காரர் வேறு யாரோ என்று தெரிந்தால் விருந்தாளி எப்படி இருப்பது? எனக்கு அதற்கு இன்னும் பதில் இல்லை. கேள்வி நல்லது.

அடுத்தது பிரெஞ்சு பேசும் கியூபெக் மாகாணம். 1995 ஒக்டோபர் 30, பிரிந்து போவதா என்று அங்கே வாக்கெடுப்பு. 'வேண்டாம்' 50.58 வீதம், 'வேணும்' 49.42 வீதம். நாடு உடையப் போகிறது, நாளைக்கு ஊரடங்கு வரும் என்று நான் இரண்டு மூட்டை அரிசியும் பால்மாவும் வாங்கி அடுக்கினேன். விடிய எழும்பிப் பார்த்தால் பஸ் நேரத்துக்கு வருகிறது. வேலையில் சண்டை பிடித்தது இரண்டு பேர், அதுவும் இடைவேளையில். அந்த அரிசியை மார்ச் வரை சாப்பிட்டோம்.

பிறகு வகுப்பில் 1977இன் மொழிச் சட்டம் வந்தது. கடைப் பெயர்ப்பலகை பிரெஞ்சில் மட்டுமே இருக்க வேண்டும், குடியேறியவர்களின் பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளிக்கே போக வேண்டும். எனக்கு இரத்தம் கொதித்தது. 1956இன் தனிச்சிங்களச் சட்டத்தால் என் அப்பா வயது போன காலத்தில் சிங்கள அரிச்சுவடி எழுதிப் பழகினார். அதை நினைத்துக்கொண்டு எழும்பி நின்று, இது அதுதான் என்றேன். மொன்றியல் பையன் ஒருவனுக்கு முகம் சிவந்துவிட்டது. "உங்கள் நாட்டில் பெரும்பான்மை சிறுபான்மைக்குச் செய்ததை, இந்த நாட்டின் சிறுபான்மை தன் மொழியைக் காக்கச் செய்கிறது. இரண்டும் ஒன்றா?" என்றான்.

ஒன்றில்லைத்தான். ஆனால் கியூபெக்குக்குள் அவர்கள்தானே பெரும்பான்மை? அங்கே ஆங்கிலம் பேசுகிறவனும் மொஹோக் என்ற பூர்வகுடி மொழி பேசுகிறவனும் என்ன செய்வது? பலகை விதி செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1988ல் சொன்னது. சில உரிமைகளை மீறியும் சட்டம் போட இடம் கொடுக்கிற, அரசியலமைப்பிலுள்ள விதிவிலக்குப் பிரிவைப் பிடித்துக்கொண்டு மாகாணம் அதைத் தொடர்ந்தது. 1993ல், பிரெஞ்சு பெரிதாக இருந்தால் மற்ற மொழியும் இருக்கலாம் என்று தளர்த்தினார்கள். இந்த இழுபறியை வாசிக்க வாசிக்க நான் யோசித்தது எங்கள் ஊரைப் பற்றித்தான். ஒரு நாட்டின் மொழிச் சண்டை துவக்கு வரை போகாமல் நீதிமன்றத்திலும் வாக்குப் பெட்டியிலும் எப்படி நிற்கிறது? எப்போதும் அப்படி நிற்கவுமில்லை. 1970 ஒக்டோபரில் கடத்தலும் கொலையும் நடந்து, மொன்றியல் தெருவில் இராணுவம் நின்றது. அதையும் படித்தோம்.

பிள்ளை விலகிப் போவாளா என்ற பயத்துக்கு வருகிறேன். என் கடைசி வருசக் கட்டுரை 1986 ஓகஸ்ட் பற்றியது. நியூஃபவுண்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரைக் கஸ் டோல்ட்டன் என்ற மீன்பிடிப் படகுக் கப்டன் கண்டு காப்பாற்றிய கதை. இந்தியாவிலிருந்து வந்தோம் என்று முதலில் சொன்னவர்கள் மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்தது தெரிந்தவுடன் இங்கே எழுந்த கோபத்தைப் பழைய பத்திரிகைகளில் வாசித்தேன். எங்கள் தெருவில் இருந்த ஓர் ஐயா அந்தப் படகில் வந்தவர். பிள்ளைகளிடம்கூட ஒரு நாளும் வாய் திறக்காதவர், நான் ஒலிப்பதிவுக் கருவியோடு போய் இருந்தபோது மூன்று பின்னேரம் கதைத்தார், தமிழில். 1914ல் வான்கூவரில் நிறுத்தித் திருப்பி அனுப்பிய கோமகாட்டா மாரு கப்பலையும் அதில் வந்த 376 பேரையும் பக்கத்தில் வைத்து எழுது என்றார் பேராசிரியர். 492 தமிழரோடு வந்த சன் சீ கப்பலைப் பற்றித் தன் வகுப்பில் பேச, நான் படிப்பை முடித்த பிறகு பேராசிரியர் என்னைக் கூப்பிட்டார். தமிழ் தெரிந்த பிள்ளைக்கு இந்தப் படிப்பில் வேலை நிறைய இருக்கிறது, தங்கச்சி. தமிழை விட்டால்தான் அவளுக்கு நட்டம்.

உத்தியோகம். பொய் சொல்ல மாட்டேன், நேர்சிங்குக்குக் காத்திருப்பது போல இந்தப் பட்டத்துக்கு வேலை காத்திருக்காது. என்னோடு படித்தவர்கள் சட்டம், ஆசிரியப் பயிற்சி, அரச சேவை, அருங்காட்சியகம் என்று பிரிந்து போனார்கள். அநேகமாக எல்லாரும் மேலே ஒன்று படித்தார்கள். நான் புதிதாக வருகிறவர்களுக்கு வழிகாட்டும் ஒரு நிலையத்தில் வேலை செய்கிறேன், பென்ஷனும் உண்டு. இந்தப் பாடத்தைத் தனியாக எடுக்க விடாதீர்கள். ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் இதை ஒரு பெரும்பாடமாக எடுத்தால், இன்னொரு பெரும்பாடமோ இரண்டு சிறுபாடமோ சேர்த்து எடுக்கத்தான் வேண்டும். அரசறிவியல், பொதுச் சுகாதாரம், புள்ளிவிபரம், எதுவானாலும் கையில் இன்னொன்று இருக்கட்டும். அப்புறம் பிரெஞ்சு. 1969இல் இரண்டு மொழியும் ஆட்சி மொழியான நாள் முதல் மத்திய அரசின் நல்ல கதிரைகள் பலவற்றுக்கு இரண்டும் வேண்டும். நான் 40 வயதில் தொடங்கி அரைகுறையாக நிற்கிறேன், அவளுக்குப் பதினேழு.

காசு விசயம்: உங்களுக்கு நிரந்தர வதிவுரிமை வந்துவிட்டது என்றீர்கள், அப்படியென்றால் உள்ளூர்க் கட்டணம்தான், ஓசாப் என்கிற ஒன்ராறியோ அரசின் மாணவர் கடனுக்கும் விண்ணப்பிக்கலாம். இந்தப் பாடம் சில இடங்களில் சுருங்கிக்கொண்டு வருகிறது. பெயரைப் பார்த்துச் சேராமல், இந்த வருசம் எத்தனை வகுப்பு உண்மையாக நடக்கிறது என்று பாட அட்டவணையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

என் பழைய கட்டுரைகள் பேஸ்மண்டில் ஒரு அரிசிப் பெட்டிக்குள் கிடக்கின்றன. சனிக்கிழமை பின்னேரம் அவளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், வேண்டியதை எடுக்கட்டும். நீங்கள் மேலே என் கணவரோடு இருந்து தேத்தண்ணி குடியுங்கள். நாங்கள் இரண்டு பேரும் தனியாகக் கதைக்க வேண்டும்.