சிங்கப்பூர் நாடாளுமன்றத்தில் வெளிநாட்டுப் போர்களையும் அணு ஆயுத மிரட்டலையும் விவாதிப்பதால் நமக்கு என்ன பயன்?

ஆளுங்கட்சிக்குத்தான் பெரும்பான்மை, முடிவு முன்பே தெரியும், பிறகு எதற்கு இவ்வளவு பேச்சு என்று கேட்டிருக்கிறீர்கள். போன வருடம் என்றால் நானும் இதைப் படித்துவிட்டுக் கடந்து போயிருப்பேன். இப்போது என் மகன் தேக்கோங் தீவில் அடிப்படை ராணுவப் பயிற்சியில் இருக்கிறான். ஞாயிறு மாலை அவனைச் சாங்கி படகுத்துறையில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் தூக்கம் வருவதில்லை. நாடாளுமன்ற உரைப் பதிவுகளை எடுத்து வைத்துப் படிக்கிறேன்.

ஒவ்வொரு வருடமும் வரவுசெலவுத் திட்டத்துக்குப் பின் அமைச்சு வாரியாக விவாதம் நடக்கும். தற்காப்பு அமைச்சின் முறை வரும்போது ஓர் உறுப்பினர் எழுந்து, ஒதுக்கீட்டில் 100 வெள்ளியை (சிங்கப்பூர் டாலரை) குறைக்க வேண்டும் என்று முன்மொழிவார். 2025இல் அந்த அமைச்சுக்கு ஒதுக்கியது சுமார் 23.4 பில்லியன் வெள்ளி. அதில் 100 வெள்ளி ஒரு பொருட்டே இல்லை, கடைசியில் அந்தத் தீர்மானத்தையும் மீட்டுக்கொள்வார்கள். ஆனால் அந்த 100 வெள்ளியைச் சாக்காக வைத்துத்தான் கேள்விகள் எழுகின்றன. பயிற்சியில் பாதுகாப்பு எப்படி, போர் விமானம் எதற்கு, எந்த நாட்டோடு எவ்வளவு நெருக்கம் என்று கேட்பார்கள். அமைச்சர் எல்லார் முன்னாலும் பதில் சொல்லியாக வேண்டும், சொன்னது பதிவாகிவிடும்.

அமெரிக்காவில் தற்காப்பு அமைச்சராக வருபவரை செனட் விசாரித்து வாக்களிக்கும். 1989இல் ஜான் டவரை 53க்கு 47 என்று நிராகரித்தே விட்டார்கள். இங்கே அப்படி இல்லை. பிரதமரின் ஆலோசனைப்படி அதிபர் நியமிப்பார், அவ்வளவுதான். 2011 முதல் 2025 வரை அந்தப் பொறுப்பில் இருந்த இங் எங் ஹென் அறுவை சிகிச்சை மருத்துவர். அடுத்து வந்த சான் சுன் சிங் முன்னாள் ராணுவத் தளபதி. யார் வந்தாலும் அவர் எப்படி யோசிக்கிறார் என்று என்னைப் போன்ற ஒரு தாய் தெரிந்துகொள்ள இந்த விவாதத்தை விட்டால் வேறு வழி அதிகமில்லை.

வெளிநாட்டுப் போர் நமக்குத் தூரம் என்று நினைக்காதீர்கள். 2007 முதல் 2013 வரை நம் படையினர் ஏறத்தாழ 500 பேர் ஆப்கானிஸ்தானில் பணியாற்றினார்கள். உக்ரேன் மீது ரஷ்யா படையெடுத்த சில நாள்களில், 2022 பிப்ரவரி 27 அன்று, ரஷ்ய அதிபர் தம் அணு ஆயுதப் படைகளைச் சிறப்பு விழிப்பு நிலையில் வைக்க உத்தரவிட்டார். மறுநாளே நம் நாடாளுமன்றத்தில் வெளியுறவு அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன் ரஷ்யா மீது தடைகள் விதிக்கப்போவதாக அறிவித்தார். உக்ரேன் 1994இல் பாதுகாப்பு உறுதிமொழிகளை நம்பித் தன் மண்ணில் இருந்த அணு ஆயுதங்களை விட்டுக்கொடுத்த நாடு. உறுதிமொழி கொடுத்தவர்களில் ரஷ்யாவும் ஒன்று. இதைப் படித்த அன்று எனக்குப் பகீரென்றது. வாக்குறுதியை மட்டும் நம்பி ஒரு சின்ன நாடு எத்தனை நாள் இருக்க முடியும்?

அணு குண்டைப் பற்றி எங்கள் வீட்டில் பேச்சு வேறு மாதிரி இருக்கும். என் பாட்டி ஜப்பான்காரன் காலத்தில் செம்பவாங்கில் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் வாழ்ந்தவர். "அந்தக் குண்டு விழுந்ததாலதான் நாங்க பொழைச்சோம்" என்பார். பட்ட பாட்டைப் பார்த்தால் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஹிரோஷிமாவில் செத்த பிள்ளைகளும் பிள்ளைகள்தானே. அந்தப் பதிலோடு என்னால் நிற்க முடியவில்லை.

தென்கிழக்கு ஆசியாவில் அணு ஆயுதம் கூடாது என்ற 1995 பேங்காக் ஒப்பந்தத்தில் நாம் கையெழுத்திட்டோம். ஆனால் 2017 ஜூலையில் ஐநாவில் அணு ஆயுதத் தடை உடன்படிக்கைக்கு 122 நாடுகள் ஆதரவாக வாக்களித்தபோது, வாக்கெடுப்பில் கலந்துகொண்டும் ஆதரவும் எதிர்ப்பும் சொல்லாமல் நடுநிலை வகித்த ஒரே நாடு சிங்கப்பூர். காரணம் இருக்கலாம், நியாயமான காரணமாகவும் இருக்கலாம். அதை நம் நாடாளுமன்றத்தில் விரிவாக, தமிழிலும் கேட்க ஆசைப்படுகிறேன். அங்கே தமிழில் பேச உரிமை இருக்கிறது, உடனுக்குடன் மொழிபெயர்ப்பும் உண்டு.

போன வாரம் எங்கள் தொகுதியில் மக்கள் சந்திப்புக்குப் போய், இதையே ஒரு தாளில் எழுதி உறுப்பினரிடம் கொடுத்தேன். வாங்கிப் படித்துவிட்டு, "மகன் எந்தப் பிரிவு?" என்று கேட்டார். இன்னும் தெரியாது, பயிற்சி முடியவில்லை என்றேன்.