ஏசிஎல் அறுவைக்குப் பின் முட்டி நீளவில்லை, நாலாம் மாதம் கபடி ஆடலாமா?

வணக்கம் சகோ. ஏசிஎல் (முட்டிக்குள் தொடை எலும்பையும் கால் எலும்பையும் பிணைக்கும் தசைநார்) அறுவை முடிந்து 6 வாரம், தொடை மெலிந்துவிட்டது, முட்டி முழுசாக நீளவில்லை என்று எழுதியிருந்தீர்கள்.

முதலில் நீட்டுவதைக் கவனியுங்கள். குதிகாலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, முட்டியைத் தளர விட்டு 10 நிமிடம் படுத்திருங்கள், தினம் மூன்று நான்கு முறை. முட்டிக்கு அடியில் தலையணை வைத்தால் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் மடங்கியே இறுகிவிடும், வேண்டாம். அப்புறம் அதே நிலையில் முன்தொடையை இறுக்கி 5 வினாடி பிடியுங்கள். முட்டிச் சில்லு தொடைப் பக்கம் ஏறுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். வீக்கம் இருக்கும்வரை அந்தத் தசை சரியாக வேலை செய்யாது. அதனால் மறுநாள் காலை முட்டி உப்பியிருந்தால் பயிற்சியின் அளவைக் குறையுங்கள்.

நாலாம் மாதம் கபடி வேண்டவே வேண்டாம். புதிதாக வைத்த தசைநார் முதல் சில மாதங்களில் பலம் குறைந்து, பிறகுதான் தேறும். வலி இல்லாததால் அது நமக்குத் தெரியாது. குறைந்தது 9 மாதம் ஆக வேண்டும், அறுவை செய்த காலின் தொடைப் பலமும் நல்ல காலின் பலத்தில் 90 சதவீதத்தைத் தொட வேண்டும்.

இன்னும் இரண்டு வாரத்தில் முட்டி நேராகவில்லை என்றால் தள்ளிப்போடாமல் அறுவை செய்த டாக்டரிடம் காட்டுங்கள். கெண்டைக்கால் வீங்கி வலித்தால் அன்றே போங்கள்.