கிளுவை வேலி – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஞாயிறுதோறும் விடியலில் நண்பர்களோடு நஞ்சராயன் குளத்துக்குப் பறவை பார்க்கப் போகிறேன். எல்லோரும் தண்ணீரில் இருக்கும் பெரிய பறவைகளைப் படமெடுப்பார்கள். எனக்கு மனம் போவது கரைப் புதரில் கத்தும் சிட்டுகளிடம். ஆனால் ஒன்றும் ஒரு நொடி நிற்பதில்லை. எந்த பைனாகுலர் வாங்கலாம்? செல்போனில் அவற்றின் குரலைப் போட்டால் பக்கத்தில் வருகின்றன, அப்படிச் செய்யலாமா? காங்கேயம் பக்கம் எங்கள் தோட்டத்திலும் முன்பு நிறையக் கத்தும். கம்பிவேலி போட்டுச் சுத்தமான பிறகு அவ்வளவாக இல்லை.

கே., திருப்பூர்

அன்புள்ள கே.,

எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மி.மீ. முகப்பு லென்ஸ் கொண்ட 8×42 போதும். கண்ணில் வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

குரல் போடாதீர்கள். தன் எல்லைக்குள் இன்னொரு ஆண் புகுந்துவிட்டதென்று பதறித்தான் அது வருகிறது, தீனியை விட்டு, கூட்டை விட்டு. உங்களுக்கு அது படம், அதற்குச் சண்டை.

‘சுத்தமான பிறகு’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் என்னை உட்காரவைத்து எழுத வைக்கிறது. போன மாதம் எங்கள் பக்கத்துக் கொறங்காட்டில், அதாவது மேய்ச்சல் காட்டில், ஜேசிபி வந்தது. காலையில் தொடங்கி மதியத்துக்குள் கிளுவை முள்மரங்களால் ஆன மொத்த உயிர்வேலியையும் வேரோடு அள்ளிப் போட்டுவிட்டது. பாம்பு அடைகிறதாம், மூன்றடி நிலம் வீணாகிறதாம். இப்போது கல்லுக்காலும் கம்பியும் நிற்கின்றன. கரிச்சான் வந்து கம்பியில் உட்காரும். நீங்கள் தேடும் சிட்டுகளில் ஒன்றான கதிர்க்குருவி, புதருக்குள் அடைவது, எங்கே உட்காரும்?

அப்புச்சி மழை பெய்து ஈரம் கண்டதும் கிளுவைப் போத்து, அதாவது ஊன்றினால் துளிர்க்கும் கிளை, வெட்டி வேலி அடைப்பார். முள்ளுக்கட்டு தூக்கிக்கொண்டு பின்னால் போவது நான். ஒருமுறை பாதி அடைத்தவர், “இங்க வேண்டாங் கண்ணு” என்று நகர்ந்துவிட்டார். கோவைக்கொடிக்குள் கைப்பிடி அளவு கூடு, சாம்பல் கதிர்க்குருவியுடையது. அந்தச் சந்தில் முள்ளை மட்டும் இழுத்துப் போட்டுவிட்டு, குஞ்சு பறந்த பிறகுதான் போத்து ஊன்றினார். தாய்க்குருவி புறப்படும்போதெல்லாம் தீப்பொறி தெறிப்பதுபோல ‘பட்பட்’டென்று ஒரு சத்தம் வரும். அதைக் கேட்பதற்காகவே தினமும் விடிந்ததும் வேலியோரம் ஓடுவேன்.

கிளுவை மட்டுமா வேலி? அதில் பிரண்டை ஏறும், கோவை ஏறும். அவற்றில் புழு, புழுவுக்குக் குருவி. பிளித் நாணல் கதிர்க்குருவி என்று ஒன்று உண்டு. பத்துப் பன்னிரண்டு கிராம் இருக்கும். கிழக்கு ஐரோப்பாவிலும் மத்திய ஆசியாவிலும் முட்டையிட்டு வளர்ந்து, குளிருக்கு இங்கே வருகிறது. பெயரில்தான் நாணல், இங்கே அது அடைவது புதரிலும் வேலியிலும். அத்தனை தொலைவு தாண்டி வந்த உயிருக்கு நீங்கள் வைத்திருப்பது நாலு வரிசைக் கம்பி. இதற்குச் சுத்தம் என்று பெயர் வைக்க உங்களுக்கு எப்படி மனசு வந்தது? அத்தனை ஆசையோடு சிட்டுகளைத் தேடும் பிள்ளை நீங்கள். குளக்கரையில் தேடுவது உங்கள் வீட்டு வேலியில் இருந்ததைத்தான்.

கம்பியைப் பிடுங்கச் சொல்லவில்லை. அதன் உள்பக்கம் ஒரு வரிசை போத்து ஊன்றுங்கள். எங்கள் தெற்குப் பக்கத்தில் இருநூறடி வேலி இன்னும் இருக்கிறது, வேண்டிய மட்டும் வெட்டித் தருகிறேன். விடிவதற்குள் வந்துவிடுங்கள். வேலிக்குள்ளிருந்து அந்த நாணல் கதிர்க்குருவியின் குரல் நாக்கைத் தட்டுவதுபோல ‘டக்… டக்’ என்று கேட்கும். சித்திரையில் கிளம்பிவிடும், அதற்குள் வாருங்கள்.