செருகினால் ஒன்றும் வரவில்லை: லினக்ஸ் லேப்டாப்பில் யுஎஸ்பி சிக்கல்கள் – கேள்வி பதில்

லினக்ஸ் லேப்டாப்பில் பென் டிரைவோ வெளி ஹார்டு டிஸ்க்கோ தெரியாமல் போகும் சிக்கல்களுக்கு என்னால் முடிந்தவரை பதில் சொல்கிறேன். கட்டளைகளைத் தமிழிலேயே எழுதியிருக்கிறேன். டெர்மினலில் (கட்டளை அடிக்கும் ஜன்னல்) அவற்றைச் சிறிய ஆங்கில எழுத்துகளில் டைப் செய்யுங்கள். தொடங்கும் முன் ஒரு வேண்டுகோள்: உள்ளே உங்களுக்குத் தேவையான கோப்பு இருந்தால், "பார்மட் செய்யவா?" என்று எந்தத் திரை கேட்டாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கேள்வி (கல்லூரி மாணவி): அண்ணா, 32 ஜிபி பென் டிரைவை லேப்டாப்பில் செருகினால் ஒன்றுமே வரவில்லை. தோழியின் விண்டோஸ் கணினியில் வருகிறது. ஏதாவது டிரைவர் போட வேண்டுமா?

பதில்: டிரைவர் எதையும் தேட வேண்டாம், அது லினக்ஸின் மையப் பகுதியான கர்னலிலேயே இருக்கிறது. "ஒன்றுமே வரவில்லை" என்பதுதான் எனக்குப் போதவில்லை. எதில் வரவில்லை? மின்சாரம் போகவில்லையா, கர்னலுக்குத் தெரியவில்லையா, டிஸ்க்காக மாறவில்லையா, மாறியும் மவுண்ட் ஆகவில்லையா (கோப்புகளைத் திறக்கும்படி ஒரு கோப்புறையோடு இணையவில்லையா)? நான்கும் வேறு வேறு கோளாறுகள். எந்தப் படியில் நிற்கிறது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பென் டிரைவை எடுத்துவிட்டு டெர்மினலில் சூடோ, டிஎம்இஎஸ்ஜி, மைனஸ் டபிள்யூ என்று மூன்றையும் இடைவெளி விட்டு அடியுங்கள். கர்னலின் லாக் ஓடி வந்து நிற்கும். இப்போது செருகிவிட்டுத் திரையை மட்டும் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தால் முதலில் "நியூ ஹை-ஸ்பீடு யுஎஸ்பி டிவைஸ்" என்று ஒரு வரி, அதன்கீழ் தயாரித்தவர் பெயர், பிறகு "மாஸ் ஸ்டோரேஜ் டிவைஸ் டிடெக்டட்". அதோடு ஒரு விநாடி எதுவும் வராது. பயப்படாதீர்கள், டிஸ்க் நிலைப்படட்டும் என்று கர்னல் வேண்டுமென்றே காத்திருக்கிறது. அப்புறம் எஸ்டிபி (முழு டிஸ்க்), எஸ்டிபி1 (அதன் முதல் பகிர்வு) என்று பெயர்கள் வரும்.

ஒரு வரிகூட வரவில்லை என்றால் போர்ட், கேபிள், அல்லது டிரைவே செத்திருக்கலாம். தோழியின் கணினியில் வேலை செய்வதால் போர்ட்டைச் சந்தேகியுங்கள். முதல் வரி வந்து "எர்ரர்" என்று திரும்பத் திரும்ப வந்தால் மின்சாரம் அல்லது இணைப்பு. மாஸ் ஸ்டோரேஜ் வரை வந்து எஸ்டிபி வராவிட்டால் மாட்யூல், அதாவது கர்னல் தேவைப்படும்போது ஏற்றிக்கொள்ளும் டிரைவர் துண்டு. எஸ்டிபி1 வரை வந்துவிட்டால் வன்பொருளில் குறையில்லை, மவுண்ட்தான் பிரச்சினை. எல்எஸ்பிஎல்கே என்று அடித்தால் டிஸ்க்குகளின் பட்டியலும் அளவும் வரும். லாக்கில் வந்த வரிகளை அப்படியே எழுதி அனுப்புங்கள்.

கேள்வி: பென் டிரைவ் தெரியவில்லை. உபுண்டு. உதவவும்.

பதில்: மேலே முதல் கேள்விக்குச் சொன்னதைச் செய்து, லாக் வரிகளோடு வாருங்கள்.

கேள்வி (புகைப்படக்காரர்): ஐயா, என் வெளி ஹார்டு டிஸ்க்கைச் செருகினால் விளக்கு எரிகிறது, "டிக் டிக்" என்று சத்தம் வருகிறது. லாக்கில் "டிவைஸ் டிஸ்கிரிப்டர் ரீட், எர்ரர் மைனஸ் 71" என்று வருகிறது. பத்து வருடப் படங்கள் உள்ளே இருக்கின்றன.

பதில்: லாக்கோடு வந்ததற்கு நன்றி. மைனஸ் 71 என்றால் இரு பக்கமும் பேசிக்கொள்வதில் குளறுபடி. மைனஸ் 110 வந்திருந்தால் பதிலே வராமல் நேரம் கடந்துவிட்டது என்று பொருள். இரண்டுமே பெரும்பாலும் கேபிளாலும் மின்சாரக் குறைவாலும் வருபவை. யுஎஸ்பி 2 போர்ட் தர வேண்டியது 500 மில்லி ஆம்பியர், யுஎஸ்பி 3 என்றால் 900. சுழலும் டிஸ்க் சுற்றத் தொடங்கும் கணத்தில் அதைவிட அதிகம் இழுக்கக்கூடும். மின்சாரம் போதாமல் நின்று, மீண்டும் முயன்று, மீண்டும் நிற்கும்போது அந்த டிக் டிக் வரும். பழுதடைந்த ஹெட்டும் (டிஸ்க்கைப் படிக்கும் முனை) அதே மாதிரிதான் ஒலிக்கும், அதனால்தான் கவனம் தேவை.

முதலில் கேபிளை மாற்றுங்கள். பட்டையான, நடுவில் பள்ளம் விழுந்த யுஎஸ்பி 3 இணைப்பு உங்கள் டிஸ்க்கில் இருந்தால் ஒரு வழி உண்டு. அந்தப் பள்ளத்தின் இரு பக்கங்களில் அகலமானதில் சாதாரண மைக்ரோ யுஎஸ்பி கேபிள் அப்படியே பொருந்தும். யுஎஸ்பி 3-க்கு உரிய கூடுதல் இணைப்புகளைத் தவிர்த்து யுஎஸ்பி 2 வேகத்தில் ஓடும். மெதுவாகத்தான் போகும், ஆனால் அந்தக் கூடுதல் கம்பிகளில்தான் கோளாறு என்றால் படங்கள் வெளியே வந்துவிடும். கேபிள் சார்ஜ் மட்டும் செய்யும் வகையாக இருக்கக் கூடாது. முடிந்தால் தனி மின்சாரம் உள்ள ஹப் வழியாகச் செருகிப் பாருங்கள். வேறு கேபிள், வேறு போர்ட், ஹப் மூன்றிலும் டிக் டிக் நிற்கவில்லை என்றால் உடனே கழற்றி வையுங்கள். மறுபடி மறுபடி செருகிப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் டிஸ்க் தேய்கிறது. அதன்பின் டேட்டா மீட்பவரிடம் போவதே சரி.

இன்னொன்று. டிஸ்க் தெரிய ஆரம்பித்ததும் எஃப்எஸ்சிகே என்ற பழுதுபார்க்கும் கட்டளையை ஓட்டிச் "சரிசெய்ய" வேண்டாம். நான் ஒருமுறை அதைச் செய்தேன். பேக்கப் டிஸ்க்கில் படிக்கும்போது பிழை வந்தது. கேட்கும் எல்லாவற்றுக்கும் ஆம் என்று சொல்லும் ஆப்ஷனோடு எஃப்எஸ்சிகே போட்டுவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் என் கோப்புறைகள் இல்லை. லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட் என்ற கோப்புறைக்குள் பெயரில்லாமல், வெறும் எண்களோடு ஆயிரக்கணக்கான கோப்புகள். கடைசியில் பார்த்தால் டிஸ்க்கில் குறையே இல்லை, கேபிள் கெட்டிருந்தது. கெட்ட கேபிள் வழியாகத் தவறாகப் படித்து, அதை நம்பித் திருத்தி எழுதியிருக்கிறது. அந்தப் பெயர்களை என்னால் இன்றுவரை மீட்க முடியவில்லை. அதனால் முதலில் நகல், பிறகுதான் பழுதுபார்ப்பு. ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ இதற்காகவே உள்ள கருவி. கெட்ட இடங்களைத் தாண்டிப் போய் நல்ல பகுதிகளை முதலில் எடுக்கும். மேப் கோப்பு ஒன்றைக் கொடுத்துவிட்டால் நின்ற இடத்திலிருந்து தொடரும். பழுதுபார்ப்பதை அந்த நகலின்மேல் செய்யுங்கள்.

கேள்வி: என் போனைக் கேபிளில் இணைத்தால் எல்எஸ்பிஎல்கே பட்டியலில் வரவில்லை.

பதில்: வராது. போன் எம்டிபி என்ற கோப்புப் பரிமாற்ற முறையில் பேசுகிறது, டிஸ்க்காக அல்ல. போன் திரையில் கோப்புப் பரிமாற்றத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு ஃபைல் மேனேஜரில் பாருங்கள்.

கேள்வி: நேற்று வரை பென் டிரைவ் வந்தது. இன்று யுஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்யுஎஸ்பி கட்டளையில் பெயர் தெரிகிறது, டிஸ்க்காக வரவில்லை. மவுஸ், கீபோர்டு எல்லாம் வேலை செய்கின்றன. ஆர்ச் லினக்ஸ். நடுவில் அப்டேட் மட்டும்தான் செய்தேன்.

பதில்: அப்டேட் செய்தபின் ரீஸ்டார்ட் செய்யவில்லை, சரிதானே? எனக்கு மிகவும் பிடித்த கோளாறு இது, ஏனென்றால் எதுவுமே கெட்டுப்போகவில்லை. ஓடிக்கொண்டிருப்பது பழைய கர்னல். அப்டேட் புதிய கர்னலை வைத்துவிட்டு, பழைய கர்னலின் மாட்யூல் கோப்புறையை அழித்துவிட்டது. மவுஸுக்கான மாட்யூல் ஏற்கனவே நினைவகத்தில் இருப்பதால் அது ஓடுகிறது. யுஎஸ்பி ஸ்டோரேஜ் மாட்யூல் முதல் பென் டிரைவைச் செருகும்போதுதான் ஏற்றப்படும். இப்போது அதைத் தேடிப் போனால் கோப்புறையே இல்லை. யுநேம் மைனஸ் ஆர் கட்டளை காட்டும், இப்போது ஓடும் கர்னலின் எண்ணையும் யுஎஸ்ஆர், லிப், மாட்யூல்ஸ் கோப்புறையில் இருக்கும் எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ரீஸ்டார்ட் செய்தால் வந்துவிடும்.

கேள்வி: அலுவலக லேப்டாப். எனக்கும் அதே மாதிரி, பெயர் தெரிகிறது, டிஸ்க் வரவில்லை. ரீஸ்டார்ட் செய்தும் பயனில்லை.

பதில்: உங்கள் நிர்வாகம் யுஎஸ்பி ஸ்டோரேஜ் மாட்யூலைத் தடை செய்திருக்கும், அல்லது அனுமதியில்லாத யுஎஸ்பி சாதனங்களைத் தடுக்கும் யுஎஸ்பிகார்டு நிரலை நிறுவியிருக்கும். அதைத் தாண்டும் வழியை நான் சொல்ல மாட்டேன். ஐடி பிரிவில் அனுமதி கேளுங்கள்.

கேள்வி: என்டிஎஃப்எஸ் டிஸ்க், விண்டோஸில் பயன்படுத்தியது. மவுண்ட் செய்ய மறுக்கிறது. பார்மட் செய்யட்டுமா?

பதில்: வேண்டாம். விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி கணினியை முழுதாக நிறுத்துவதில்லை, அதனால் டிஸ்க் பாதியில் விடப்பட்டதாகக் குறிக்கப்பட்டிருக்கலாம். அதே விண்டோஸில் செருகி, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்து, விண்டோஸின் டிஸ்க் சோதனைக் கட்டளையான சிஎச்கேடிஎஸ்கே ஓட்டி, முறைப்படி வெளியேற்றிக் கொண்டு வாருங்கள்.

எக்ஸ்ஃபேட் என்ற டிஸ்க் பார்மட் பற்றியும் இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். 2020-இல் வந்த 5.7 கர்னல் முதல் நல்ல எக்ஸ்ஃபேட் டிரைவர் உள்ளேயே இருக்கிறது. அதைவிடப் பழைய கர்னல் என்றால் எக்ஸ்ஃபேட் ஃப்யூஸ் தொகுப்பை நிறுவ வேண்டும்.

கேள்வி: பென் டிரைவ் தெரியவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: முதல் பதில். லாக் இல்லாமல் என்னால் ஊகிக்க மட்டுமே முடியும், உங்கள் கோப்புகள் விஷயத்தில் ஊகிக்க எனக்கு மனமில்லை.

கேள்வி: இந்த "எஜெக்ட்" எல்லாம் இன்னும் எதற்கு? விண்டோஸ் 10-இல் 1809 பதிப்பு முதலே அப்படியே பிடுங்கலாம். நான் லினக்ஸிலும் மூன்று வருடமாகப் பிடுங்குகிறேன், ஒன்றும் ஆகவில்லை.

பதில்: விண்டோஸ் பற்றிச் சொன்னது சரி, அதில் இயல்பு நிலையை உடனடி நீக்கத்துக்கு மாற்றினார்கள். லினக்ஸில் நடப்பது வேறு. காப்பி முடிந்தது என்று திரை சொல்லும்போது கோப்பு கணினியின் நினைவகத்துக்குத்தான் போயிருக்கும். இயல்பான அமைப்பில், எழுதப்படாத தரவு 30 விநாடி வரை அங்கேயே கிடக்கலாம். மெதுவான பென் டிரைவில் எழுதத் தொடங்கியபின்னும் பல நிமிடம் ஆகலாம். ப்ராக் கோப்புறையில் உள்ள மெம்இன்ஃபோ கோப்பில் "டர்ட்டி", "ரைட்பேக்" என்று இரண்டு வரிகள் உண்டு. பெரிய படக்கோப்பு ஒன்றைக் காப்பி செய்துவிட்டு அந்த எண்களைப் பாருங்கள். திரையில் நூறு சதவீதம் வந்தபின்னும் நூற்றுக்கணக்கான எம்பி அங்கே நின்று மெல்ல மெல்லக் குறைவது தெரியும். அந்த நேரத்தில் பிடுங்கினால் போவது அதுதான்.

இன்னொருவர்: ஃபேட் பார்மட்டில் உள்ள பென் டிரைவை டெஸ்க்டாப் மவுண்ட் செய்யும்போது "ஃப்ளஷ்" ஆப்ஷனைச் சேர்க்கிறதே? நீங்கள் சொல்வது அதற்குப் பொருந்துமா?

பதில்: நல்ல திருத்தம், நான் அதையும் சொல்லியிருக்க வேண்டும். டெஸ்க்டாப்புக்காக மவுண்ட் செய்யும் யுடிஸ்க்ஸ் அப்படித்தான் செய்கிறது, அதனால் ஃபேட்டில் எழுதுவது சீக்கிரமே தொடங்கும். மேலே கேட்டவருக்கு மூன்று வருடம் ஒன்றும் ஆகாததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். ஆனால் அது காத்திருக்கும் நேரத்தைக் குறைக்கிறது, முழுக்க நீக்குவதில்லை. ஃப்ளஷ் என்பது ஃபேட்டுக்கு உரியது. எக்ஸ்ஃபேட், என்டிஎஃப்எஸ், எக்ஸ்ட்4 டிஸ்க்கில் அதை நம்ப முடியாது.

முதலில் கேட்டவர்: அப்படியானால் "சிங்க்" ஆப்ஷனோடு மவுண்ட் செய்துவிட்டால் போதுமே. எஜெக்ட் தேவையில்லை என்பதுதானே முடிவு?

பதில்: இல்லை. சிங்க் போட்டால் ஒவ்வொரு சிறு எழுத்தும் உடனே டிரைவுக்குப் போகும், ஃபேட் அட்டவணை உட்பட. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எழுதுவதால் பென் டிரைவின் ஆயுள் குறையும். மவுண்ட் கட்டளையின் கையேடே இதை எச்சரிக்கிறது. வேகமும் படுத்துவிடும். அப்போதும் பிடுங்கினால் "முறையாக அன்மவுண்ட் செய்யப்படவில்லை" என்ற குறி டிரைவில் நின்றுவிடும், அடுத்த முறை செருகும்போது லாக்கில் அந்த எச்சரிக்கை வரும். எஜெக்ட் பொத்தானை அழுத்த ஒரு நொடி போதும். இங்கே வரும் பாதிக் கேள்விகள் அந்த ஒரு நொடியைத் தவிர்த்ததால் வந்தவை. இந்த விவாதத்தை இத்தோடு விடுவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: யுஎஸ்பி போர்ட் எல்லாமே ஒரே நேரத்தில் செத்துவிட்டன. லாக்கில் "ஹோஸ்ட் கன்ட்ரோலர் நாட் ரெஸ்பாண்டிங், அஸ்யூம் டெட்" என்று வந்தது.

பதில்: போர்ட்கள் சாகவில்லை, அவற்றை நடத்தும் கன்ட்ரோலர் மயங்கியிருக்கிறது. லேப்டாப்பை முழுதாக அணைத்து, சார்ஜரைக் கழற்றி, பவர் பொத்தானை 30 விநாடி அழுத்திப் பிடித்துவிட்டு ஆன் செய்யுங்கள். மீண்டும் நடந்தால், அதற்குச் சற்று முன் எந்தச் சாதனத்தைச் செருகினீர்கள் என்று பாருங்கள், அதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

கேள்வி: எல்எஸ்பிஎல்கே பட்டியலில் பென் டிரைவ் வருகிறது, அளவு 0பி என்று இருக்கிறது. பார்மட் செய்தால் சரியாகுமா?

பதில்: ஆகாது. பென் டிரைவுக்குள் இருக்கும் கன்ட்ரோலர் பேசுகிறது, அதன் பின்னால் இருக்கும் நினைவகம் அதற்குக் கிடைக்கவில்லை. பார்மட் செய்ய அங்கே இடமே இல்லை. கோப்பு முக்கியம் என்றால் சிப் அளவில் மீட்பவரிடம் கொடுங்கள். இல்லையென்றால் அதை விட்டுவிடுங்கள்.

கேள்வி: பிரிண்டர் வரவில்லை, அதுவும் யுஎஸ்பிதான்.

பதில்: பிரிண்டர் என் துறை இல்லை. லினக்ஸின் அச்சு அமைப்பான கப்ஸ் தெரிந்தவரிடம் கேளுங்கள்.

கேள்வி (அதே மாணவி): அண்ணா, நீங்கள் சொன்னபடி பார்த்தேன். மாஸ் ஸ்டோரேஜ் வந்தது, ஒரு விநாடி நின்றது, எஸ்டிபி, எஸ்டிபி1 வந்தன. பட்டியலில் 28.9ஜி என்று இருக்கிறது, மவுண்ட் என்ற இடம் மட்டும் காலி. நான் ஐ3 விண்டோ மேனேஜர் பயன்படுத்துகிறேன், அதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

பதில்: இதைத்தான் எதிர்பார்த்தேன். உங்கள் பென் டிரைவ், போர்ட், கர்னல் எல்லாம் நன்றாக இருக்கின்றன. முழு டெஸ்க்டாப் சூழல்களில் செருகியதும் மவுண்ட் செய்துவிட ஒரு நிரல் பின்னால் ஓடும், ஐ3-யில் அது கிடையாது. யுடிஸ்க்ஸ்சிடிஎல் மவுண்ட் மைனஸ் பி என்று அடித்து, இடைவெளி விட்டு, டெவ் கோப்புறையில் உள்ள எஸ்டிபி1-இன் முழுப் பாதையைக் கொடுங்கள். எங்கே மவுண்ட் ஆனது என்று அதுவே சொல்லும். ஒவ்வொரு முறையும் அடிக்க வேண்டாம் என்றால் யுடிஸ்கி என்ற சிறு நிரலை நிறுவி, ஐ3-யின் கான்ஃபிக் கோப்பில் தொடக்கத்திலேயே ஓடும்படி ஒரு வரி சேர்த்துவிடுங்கள். எடுக்கும்போது மவுண்ட்டுக்குப் பதில் அன்மவுண்ட் என்று அடித்து, அது முடிந்து டெர்மினல் திரும்பி வந்தபின் கழற்றுங்கள்.