புதுக்கோட்டைக்கு இரண்டு நாள் போதுமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: சனி, ஞாயிறு இரண்டு நாளில் சித்தன்னவாசல், நார்த்தாமலை, குடுமியான்மலை, கொடும்பாளூர், திருமயம், ஆவுடையார்கோயில் எல்லாம் பார்த்துவிட நினைக்கிறோம். கார் இருக்கிறது. வழி சொல்லுங்கள். (சென்னை வாசகர்)

கார் இருந்தால் ஆறு இடத்தின் வாசலையும் தொட்டுவிட்டு வரலாம். பார்த்ததாகச் சொல்லிக்கொள்ளலாம், பார்த்ததாக ஆகாது. ஆவுடையார்கோயில் அறந்தாங்கிக்கும் அப்பால் இருக்கிறது. கொடும்பாளூரோ விராலிமலைப் பக்கம். இரண்டையும் ஒரே பயணத்தில் முடிச்சுப் போடாதீர்கள்.

சனிக்கிழமை காலை வெயில் ஏறுமுன் சித்தன்னவாசல் போய்விடுங்கள். முதலில் ஏழடிப்பட்டம் என்ற சமணத் துறவியர் குகைக்கு ஏறுங்கள். குகைக்குள் வழவழப்பாகத் தேய்த்த பதினேழு கற்படுக்கைகள், தலை வைக்கும் இடம் சற்று உயர்த்தி வெட்டியிருக்கிறார்கள். பெரிய படுக்கையின் ஓரத்தில் தமிழ்ப் பிராமி எழுத்து ஓடுகிறது: எருமி நாட்டுக் குமுழூரில் பிறந்த காவுடிக்கு இளையர் செய்துகொடுத்த அதிட்டானம், அதாவது இருக்கை. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் யாரோ ஒருவருக்குப் படுக்கை வெட்டிக் கொடுத்துவிட்டு, எந்த ஊர்க்காரருக்குக் கொடுத்தோம் என்பதையும் எழுதி வைத்திருக்கிறார்கள். நம் ஊர் உபயதாரர் விசிறியில் பெயர் எழுதும் பழக்கம் இன்று நேற்று வந்ததல்ல.

பாறையைக் குடைந்து எடுத்த சமணக் கோயிலான அறிவர் கோயில் மலையின் மேற்குச் சரிவில் இருக்கிறது. மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் 9-ஆம் நூற்றாண்டில் இதைப் புதுப்பித்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. வெளிச்சத்திலிருந்து உள்ளே போனதும் ஒன்றும் தெரியாது. பலர் அப்படியே திரும்பிவிடுகிறார்கள். கண் பழகும்வரை நில்லுங்கள். பிறகு விதானத்தில் தாமரைக் குளம் மெல்லத் துலங்கும்: மீன், யானை, எருமை, தண்டோடு பூப்பறிக்கும் ஆட்கள். கருவறையில் நின்று மெதுவாக 'ம்' என்று முழங்கிப் பாருங்கள், மீதியை அந்த அறையே பார்த்துக்கொள்ளும்.

மாலையை நார்த்தாமலைக்கு ஒதுக்குங்கள். விசயாலய சோழீச்சரம் மேற்குப் பார்த்த கோயில். சாயும் வெயில்தான் அதற்கு அழகு. பெயரில் சோழன் இருந்தாலும், கட்டியவர் சாத்தன் பூதி என்கிற இளங்கோவதியரையர் என்ற முத்தரையர் குலச் சிற்றரசர் என்றும், மழையில் சிதைந்ததை மல்லன் விடுமன் புதுப்பித்தார் என்றும் அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது. கருவறை வட்டம். எதிரே பாறையில் குடைந்த, சமணர் குடகு என்ற குகைக் கோயிலில் பன்னிரண்டு திருமால்கள் ஏறத்தாழ ஒரே சாயலில் வரிசையாக நிற்கிறார்கள். இருட்டுமுன் இறங்கிவிடுங்கள், பாறைச் சரிவில் செல்போன் விளக்கு உதவாது.

ஞாயிறு திருமயம். நேரம் மிஞ்சினால் குடுமியான்மலை. மற்ற இரண்டும் அடுத்த முறைக்கு.

கேள்வி: திருமயம் கோட்டையை ஊமைத்துரை கட்டினார் என்கிறார்களே? (திருச்சி வாசகர்)

இல்லை. கட்டியவர் ராமநாதபுரம் கிழவன் சேதுபதி, 1687-இல். ஊமைத்துரை அதற்கு நூறாண்டுக்கும் பிற்பட்டவர், 1801-இல் தூக்கிலிடப்பட்டார். அவர் இங்கே ஒளிந்திருந்ததாக மக்கள் சொல்லிச் சொல்லியே ஊமையன் கோட்டை என்ற பெயர் நிலைத்துவிட்டது.

கோட்டையைவிட எனக்குப் பிடித்தது அடிவாரம். ஒரே பாறையில் அருகருகே இரண்டு குடைவரைகள்: ஒன்றில் சத்தியகிரீஸ்வரர், மற்றதில் பள்ளிகொண்ட பெருமாள். பக்கத்து வீட்டுக்காரர்களுக்குள் தகராறு வராமல் இருக்குமா? சைவருக்கும் வைணவருக்கும் மூண்ட வழக்கை 1245-இல் ஹொய்சளத் தளபதி அப்பண்ண தண்டநாயக்கர் முன்னிலையில் தீர்த்து, முடிவைக் கல்லிலேயே வெட்டிவிட்டார்கள். காகிதத்தில் எழுதியிருந்தால் இன்னும் வாய்தா ஓடிக்கொண்டிருக்கும்.

கோயில்கள் நண்பகலில் நடை சாத்திவிடும். ஆகவே காலையில் முதலில் சுவாமி, பிறகு கோட்டை. மேலே பீரங்கி மேடைவரை நிழல் குறைவு, தண்ணீரைக் கையோடு கொண்டுபோங்கள். ஏறும்போது மேற்குப் பக்கப் பாறையில் குடைந்த சிறிய சிவன் அறையைத் தவறவிடாதீர்கள்; அதற்கு இரும்பு ஏணியில் ஏற வேண்டும்.

கேள்வி: என் மாமியாருக்கு முழங்கால் வலி. மலையேற முடியாது. ஆனால் வரவேண்டும் என்று ஆசைப்படுகிறார். (மதுரை வாசகி)

தாராளமாக அழைத்து வாருங்கள் அம்மா. கொடும்பாளூர் மூவர் கோயில் சமதரையில் இருக்கிறது. கொடும்பாளூர்ச் சிற்றரசர் பூதி விக்கிரமகேசரி தன் பெயரிலும், மனைவியர் கற்றளி, வரகுணை பெயரிலும் எடுத்த மூன்று கோயில்களில் இன்று இரண்டுதான் நிற்கின்றன. மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும். வழிபாடு இல்லாததால் கூட்டம் இருக்காது.

பக்தி முக்கியம் என்றால் ஆவுடையார்கோயில். மாணிக்கவாசகர் தொடர்புள்ள தலம். கருவறையில் லிங்கம் கிடையாது, அதன் பீடமான ஆவுடையார் மட்டும். சோற்றின் ஆவிதான் நிவேதனம். மாமியாரை ஒரு திண்ணையில் உட்காரவைத்து மேலே பார்க்கச் சொல்லுங்கள். கொடுங்கையில், அதாவது வளைந்து இறங்கும் கூரை விளிம்பில், மரச்சட்டங்களும் அவற்றை இறுக்கிய ஆணிகளும் தெரியும். அத்தனையும் கல்.

கேள்வி: பஸ்ஸில் போய் வர முடியுமா? (தஞ்சை வாசகர்)

திருமயத்துக்குக் கவலையே இல்லை, புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடி பஸ் ஏறுங்கள். நார்த்தாமலையில் ஊரிலிருந்து நடக்க வேண்டும். சித்தன்னவாசலுக்கு ஆட்டோ பேசிக்கொள்வது நல்லது. திரும்பி வரவும் சேர்த்தே பேசிவிடுங்கள். திருக்கோகர்ணம் அருங்காட்சியகமும் பார்ப்பதானால் வெள்ளிக்கிழமை வராதீர்கள், அன்று விடுமுறை.